ஆட்டுக்குச் சாயம் பூசுகிற தம்பியும் கோல் அடிக்கிற அண்ணனும்

கேள்வி: எங்கள் வீடு திருகோணமலை உப்புவெளியில். மூத்த மகனுக்கு 16 வயது, இளையவனுக்கு 11. மூத்தவன் இரவானால் போனில் ஃப்ரீ ஃபயர் என்ற சுடுகிற கேம். கத்துகிற சத்தம் பக்கத்து வளவுக்கும் கேட்கும். சாப்பிடக் கூப்பிட்டால் சீறி விழுகிறான். போன வருடம் ரியூசன் கூடியதால் பந்து விளையாடப் போவதையும் நிறுத்திவிட்டான். இளையவனிடம் சத்தமே இல்லை. டெப்பில் மைன்கிராஃப்ட் என்ற கட்டுகிற கேம். கோணேசர் மலை கட்டுகிறானாம். கோட்டைக்குள் திரிகிற மான்கள் வேண்டுமென்று இரண்டு நாளாக அதில் உள்ள ஆடுகளுக்குப் பழுப்புச் சாயம் பூசிக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் ஒற்றுமையாக விளையாடட்டும் என்று கனடாவில் இருக்கிற என் தம்பி பிளேஸ்டேஷனும் ஓர் உதைபந்தாட்ட கேமும் அனுப்பினான். ஒரு கிழமை தாங்கவில்லை. சின்னவன் வீரனுக்குச் சப்பாத்தும் தலைமயிரும் தெரிவுசெய்யவே முக்கால் மணித்தியாலம் எடுக்கிறான். பிறகு பந்தைத் தன் கோல் பக்கமே கொண்டுபோகிறான். பெரியவன் ஆத்திரத்தில் எறிந்து ஒரு கொன்ட்ரோலர் உடைந்துவிட்டது. கணவருக்குச் சீனக்குடாவில் ஷிப்ட் வேலை. வந்து படுத்தபடி அவரும் போனில் மிட்டாய் உடைக்கிறார், அவரிடம் சொல்லிப் பயனில்லை. ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகளுக்கு ஏன் ஒரே கேம் பிடிக்கவில்லை? இது அடிமைத்தனமா? எந்த கேமை வாங்கிக் கொடுத்தால் சேர்ந்து விளையாடுவார்கள்?

பதில்:

அன்பின் சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதில்தான் காசு போகப்போகிறது. இன்னொரு கேம் வாங்காதீர்கள். கனடாத் தம்பியிடம் கேட்கவும் வேண்டாம். ஏன் என்று சொல்ல நான் கொஞ்சம் சுற்றி வர வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெரியப்பா வீட்டு விறாந்தையில் ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் 304 என்ற கடதாசி விளையாட்டு நடக்கும். நான் தேத்தண்ணி கொண்டுபோய் வைக்கிற வயது. நான்கு பேர், ஒரு கடதாசிக் கட்டு. பெரியப்பா இறங்குகிற ஒவ்வொரு கடதாசியையும் மனதுக்குள் கூட்டிக்கொண்டே இருப்பார், கடைசிப் பிடிக்கு முன்னமே யாருக்கு எத்தனை புள்ளி என்று சொல்லிவிடுவார். துறைமுகத்தில் வேலை செய்த மாமா ஒருவர், கையில் ஒன்றுமில்லாவிட்டாலும் ஏற்றிக் கேட்பார். எதிரில் இருப்பவரின் முகம் மாறுவதைப் பார்ப்பதுதான் அவருக்கு விருந்து. மூன்றாமவர், துரும்பை இப்படி ஒளித்தால் என்ன, அப்படி இறக்கினால் என்ன என்று புதிது புதிதாக எதையாவது செய்து பார்ப்பார், அநேகமாகத் தோற்பார், சிரிப்பார். நான்காமவர் மனைவியை இழந்தவர். அவர் கடதாசியைப் பார்ப்பதே குறைவு. ஊர்ப்புதினம் கதைக்க வருவார்.

ஒருநாள் இந்த நான்காமவர் கதைச் சுவாரசியத்தில் பிழையான கடதாசியைப் போட்டுவிட்டார். பெரியப்பா கையில் இருந்ததை மேசையில் அடித்துவிட்டு எழும்பிவிட்டார். நான்காமவர் மெதுவாகச் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "நான் என்ன, வெல்லவே வந்தனான்?" இரண்டு கிழமை அவர் அந்தப் பக்கம் வரவில்லை.

உங்கள் வீட்டில் உடைந்த கொன்ட்ரோலரும் இதே கதைதான். ஒரு கட்டுக் கடதாசியை நான்கு பேர் நான்கு விதமாக விளையாடினார்கள். மற்றவரும் தான் வந்த காரணத்துக்குத்தான் வந்திருக்கிறார் என்று ஒவ்வொருவரும் நினைத்ததில் வந்த சண்டை அது.

இதை வீடியோ கேம் பக்கம் முதலில் வடிவாக எழுதியவர் ரிச்சர்ட் பார்ட்டில். 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோய் ட்ரப்ஷா தொடங்கி இவரும் சேர்ந்து வளர்த்த கேம் ஒன்று உண்டு. படமே கிடையாது, வெறும் எழுத்து. ஆனால் பலர் ஒரே நேரத்தில் அதற்குள் நுழைந்து, ஒருவரையொருவர் சந்தித்து, சண்டை பிடித்து, புதையல் தேடலாம். உங்கள் மூத்தவன் இன்றிரவு விளையாடப்போவதற்கு இது ஒருவகையில் பூட்டன் முறை. அந்த வகைக் கேம் ஒன்றின் பழுத்த ஆட்டக்காரர்கள் 1989 நவம்பரில் ஒரு விவாதம் தொடங்கினார்கள்: ஆட்கள் இதில் இருந்து என்னத்தைத்தான் எதிர்பார்க்கிறார்கள்? அடுத்த வருடம் மே வரை அது ஓடியது. ஒருவர் சொன்னது மற்றவருக்கு விளங்கவில்லை, எல்லாரும் தங்கள் விளையாட்டே உண்மையான விளையாட்டு என்றார்கள். பார்ட்டில் அதைச் சலித்தெடுத்து 1996இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார்.

அவர் நான்கு வகையைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கடதாசிச் சின்னத்தைக் கொடுத்தார் என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். புள்ளியும் பட்டமும் செல்வமும் சேர்ப்பவர்கள் டயமண்ட். ஸ்கோப்பனுக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர் மண்வெட்டிக்கும் பெயர், ஆகவே தோண்டித் துருவிப் பார்ப்பவர்கள் ஸ்கோப்பன். ஆட்களுக்காக வருபவர்கள், இதயம் போட்ட ஆட்டின். கிளாவரின் ஆங்கிலப் பெயருக்குப் பொல்லு என்றும் பொருள் உண்டு. மற்றவர் மேல் தன் பலத்தைக் காட்ட வருபவர்களுக்கு அது. பெரியப்பா வீட்டு விறாந்தையில் எனக்கு வசதியாக நான்கும் அமைந்துவிட்டன. எல்லா விறாந்தையும் அப்படி அமையாது.

அமையாது என்பதற்கு ஆதாரமும் உண்டு. நிக் யீ என்ற ஆய்வாளர் இணையத்தில் கூட்டமாக விளையாடும் 3,000 பேரிடம் கேட்டு 2006இல் எழுதினார். பத்து வகை ஆசைகள் வந்தன. அவை சாதிப்பது, ஆட்களோடு சேர்வது, அந்த உலகத்துக்குள் மூழ்குவது என்று மூன்று குவியலாக விழுந்தன. ஆனால் ஒரு ஆசை கூடியவருக்கு மற்றது குறைய வேண்டும் என்றில்லை. வெல்லத் துடிக்கிறவனே நண்பனுக்காக உயிரை விடுகிறவனாகவும் இருக்கலாம். அதனால் "இவன் கிளாவர், அவன் ஸ்கோப்பன்" என்று பிள்ளைகளின் நெற்றியில் எழுதிவிடாதீர்கள். இப்படி எழுதிவைத்த பெற்றோரை நான் நிறையச் சந்தித்திருக்கிறேன், எழுதியதை அழிப்பது பெரிய வேலை.

சரி, மூத்தவனிடம் வருவோம்.

ஃப்ரீ ஃபயரில் 50 பேர் ஒரு தீவில் இறங்குகிறார்கள், கடைசியில் நிற்பவர் வென்றவர். பையன்கள் பெரும்பாலும் நான்கு பேர் அணியாக இறங்குவார்கள். அவன் கத்துகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன கத்துகிறான் என்று எழுதவில்லை. ஒருநாள் கதவடியில் நின்று கேளுங்கள். என்னிடம் வருகிற பிள்ளைகள் விளையாடும்போது நான் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன்: "இடப்பக்கம் ரெண்டு பேர்", "மதிலுக்குப் பின்னால வா", "டேய், என்னை எழுப்படா". அடிபட்டு விழுந்தவனை அணிக்காரன் ஒருவன் ஓடிவந்து எழுப்பினால்தான் அவன் மறுபடி விளையாடலாம். நீங்கள் "சாப்பிட வா" என்று கூப்பிடுகிற நேரம் அங்கே யாரோ ஒருவன் விழுந்து கிடக்கிறான் என்று வையுங்கள். உங்களுக்குச் சோறு ஆறுகிறது. அவனுக்கு மூன்று பேரை நடுவில் விட்டுவிட்டு வருவது. இடையில் நிறுத்திவைக்கவும் முடியாது, மற்ற 49 பேரும் அவன் சாப்பிட்டு முடியும்வரை பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். சீறுவது சரியென்று சொல்லவில்லை. ஆனால் அந்தச் சீற்றம் உங்கள் மீதானது இல்லை.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியைத்தான் நான் மூன்று தரம் வாசித்தேன். ரியூசன் கூடியதால் பந்தை நிறுத்திவிட்டான் என்ற வரி. பின்னேரம் பதினொரு பேரோடு ஓடிக்கொண்டிருந்தவன். அணி போய்விட்டது, வெற்றி தோல்வி போய்விட்டது, "நல்லா அடிச்சாய் மச்சான்" என்று முதுகில் தட்டுகிறவனும் போய்விட்டான். இரவு ஒன்பது மணிக்கு போனில் மூன்று பேராவது திரும்பக் கிடைத்திருக்கிறார்கள். இதுதான் முழுக் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், பந்து விளையாடப் போகிற பையன்களும் ஃப்ரீ ஃபயர் விளையாடத்தான் செய்கிறார்கள். ஆனாலும் போனைப் பறிப்பதற்கு முன், அதோடு வேறு எது பறிபோகிறது என்று ஒருதரம் பாருங்கள்.

இன்னொன்று, அந்த கேமுக்குள் செலவழிக்கிற டயமண்ட் வாங்க அவன் காசு கேட்கிறானா? கடிதத்தில் இல்லை, ஆனால் கேட்கிற வயது. அந்த கேமை இறக்குவது இலவசம், வருமானம் உள்ளே விற்கிற உடுப்பிலும் அலங்காரத்திலும் இருந்து வருகிறது. யாரும் பார்க்காத உடுப்புக்கு யார் காசு கொடுப்பார்? அணி உள்ளவனுக்குத்தான் அது தேவைப்படும். தினமும் வந்தால் தினமும் ஒரு சின்னப் பரிசு கொடுப்பது, சேர்க்கிற குணம் உள்ளவனைப் பிடிக்க. இன்னும் மூன்று நாளில் கிடைக்காமல் போய்விடும் என்று ஒரு பொருளைக் காட்டுவது எல்லாரையும் பிடிக்க. ஆளுக்கு ஆள் ஆசை வேறு என்பது கேம் செய்கிறவர்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். பிள்ளைக்குப் புத்தி சொல்வதைவிட இந்தக் கடைக்கணக்கை அவனோடு இருந்து கதையுங்கள். 16 வயதுப் பையனுக்குத் தன்னை யாரோ ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்பது நன்றாக உறைக்கும்.

இளையவன். அந்த ஆடுகளைப் பற்றி வாசித்துவிட்டு நான் சிரித்தேன், பிறகு கொஞ்ச நேரம் யோசித்தேன். மைன்கிராஃப்டில் மான் கிடையாது. ஆடு உண்டு, ஆட்டுக்குச் சாயம் பூசலாம். பழுப்புச் சாயத்துக்குக் கொக்கோ விதை வேண்டும், கேமின் வழக்கமான ஆட்டத்தில் அதை ஒரு காட்டுக்குள் போய்த் தேடி எடுக்க வேண்டும். பிரெட்றிக் கோட்டை வாசலால் கோயிலுக்குப் போகிறபோது மரத்தடியில் மான் நிற்காவிட்டால் அது எங்கள் கோட்டை இல்லை என்று 11 வயதுப் பிள்ளைக்குத் தோன்றியிருக்கிறது, இல்லாத மானை உள்ளதில் இருந்து செய்து பார்த்திருக்கிறான். இதில் எங்கே நேரம் வீணானது?

அவனை உதைபந்தாட்ட கேமுக்குள் விட்டால் என்ன செய்வான்? முதலில் கட்டுவதற்கு ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பான். சப்பாத்தும் தலைமயிரும் இருந்தன. முக்கால் மணித்தியாலம் அவன் உண்மையாகவே விளையாடிக்கொண்டிருந்தான். அண்ணனுக்கு அது விளையாட்டுக்கு முன்னுள்ள இழுபாடு, தம்பிக்கு அதுதான் விளையாட்டு. பிறகு விசில் ஊதி ஆட்டம் தொடங்கியதும் அவனுக்கு மிச்சமிருந்த ஒரே புதினம், பந்தைத் தன் கோலுக்கே கொண்டுபோனால் கோலி என்ன செய்வான் என்பது. பெரியப்பா வீட்டு மூன்றாமவர் போல. அண்ணன் கண்ணுக்கு அது வேண்டுமென்று செய்கிற அவமானம். இரண்டு பேரும் பிழை செய்யவில்லை, கொன்ட்ரோலர் எறிந்ததைத் தவிர. அதற்கு மூத்தவன் தன் கைக்காசில் ஒரு பங்காவது கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

கணவரைப் பற்றி ஒரு சொல். மார்க் லெபிளாங்க் என்ற கேம் வடிவமைப்பாளர் விளையாட்டில் கிடைக்கிற இன்பத்தை எட்டு வகையாகப் பிரித்தார். சவால், தோழமை, கண்டுபிடிப்பு என்று போகும் அந்தப் பட்டியல் 2004இல் வெளிவந்த ஒரு கட்டுரையிலும் இருக்கிறது. அதில் ஒன்று, எதையும் யோசிக்காமல் தன்னை அதில் விட்டுவிட்டுப் பொழுதைக் கழிப்பது. அதையும் ஒரு நேர்மையான இன்பமாகவே எண்ணியிருக்கிறார்கள். இரவு ஷிப்ட் முடிந்து வந்த மனிதர் மிட்டாயை வரிசையில் சேர்ப்பது எதையும் வெல்ல அல்ல, இயந்திரச் சத்தம் தலைக்குள் அடங்குவதற்கு. அவரை விடுங்கள். ஆனால் சாப்பாட்டு மேசையில் போன் இல்லை என்று சட்டம் போட்டால் அவருடைய போனும் அலுமாரிக்குள் போக வேண்டும். பிள்ளைகள் இதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

அடிமைத்தனமா என்று கேட்டீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் விளையாட்டுக் கோளாறு என்று ஒன்று உண்டு, 2022 ஜனவரியில் இருந்து நடைமுறையில் இருக்கிறது. மணித்தியாலக் கணக்கை வைத்து அதைத் தீர்மானிப்பதில்லை. விளையாட்டைக் கட்டுப்படுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக அது வந்துவிடுவது, கெடுதல் வருகிறது என்று தெரிந்தும் தொடர்வது, இவை சேர்ந்து படிப்பையோ குடும்பத்தையோ கடுமையாகப் பாதிப்பது. சாதாரணமாக இப்படிப் பன்னிரண்டு மாதம் அளவில் தெரிய வேண்டும். உங்கள் கடிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை. மூத்தவன் ரியூசனுக்குப் போகிறான், கோபமாக என்றாலும் சாப்பிட வருகிறான். நித்திரை எத்தனை மணிக்கு, பள்ளிக்கூடத்தில் தூங்கி விழுகிறானா என்பதை மட்டும் பாருங்கள். அது குழம்பினால் காத்திருக்காமல் நேரில் வாருங்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கையும் உண்டு. சத்தம் போடுகிற பிள்ளையைப் பற்றித்தான் எல்லாரும் எனக்கு எழுதுகிறார்கள். சத்தம் போடாத பிள்ளை நான்கு மணித்தியாலம் அசையாமல் இருந்தாலும் வீடு நிம்மதியாக இருக்கிறது. சின்னவனுக்கு வெளியில் ஒரு நண்பனாவது இருக்கிறானா? கேட்டுப் பாருங்கள்.

இனிச் செய்ய வேண்டியது. மூத்தவனிடம் "ஐந்து நிமிடத்தில் வா" என்று சொல்லாதீர்கள். ஒரு ஆட்டம் பத்து நிமிடம், கூடினால் கால் மணித்தியாலம். அவன் அடுத்ததைத் தொடங்கும் முன் போய், "இது கடைசி ஆட்டம், முடிந்ததும் சாப்பாடு" என்று சொல்லுங்கள். அதை அவனால் நண்பர்களிடமும் சொல்ல முடியும். முடிந்ததும் இன்னொன்று தொடங்கினால் அப்போது கண்டிப்பு காட்டுங்கள், அது உங்கள் உரிமை. இளையவனுக்கு வேறு கணக்கு. தனியாகக் கட்டுகிறவன் வெளியே வந்தால் கட்டினது அப்படியே சேமிப்பில் இருக்கும், ஒருவரையும் கைவிட்டதாகாது. ஆனால் "கொஞ்சம் இருங்கோ" என்பதற்கு முடிவே இருக்காது, ஏனென்றால் அவன் விளையாட்டுக்கு முடிவு இல்லை. அந்த கேமில் ஒரு பகலும் இரவும் சேர்ந்து 20 நிமிடம். "அங்கே பொழுது பட்டதும் நிறுத்து" என்று சொல்லிப் பாருங்கள், அவனுக்கு அது விளங்கும்.

பிளேஸ்டேஷனை இப்போதைக்கு இரண்டு பேருக்கும் தனித்தனி நேரமாகப் பிரித்துவிடுங்கள். மூத்தவன் தன் வயதுக் கூட்டாளி ஒருவனை வீட்டுக்குக் கூப்பிட்டு அந்த உதைபந்தாட்டத்தை விளையாடட்டும், இரண்டு பேருக்கும் வெறி ஒரே அளவில் இருக்கும். சகோதரர்களைச் சேர்த்து வைத்தே ஆக வேண்டும் என்று ஆசையென்றால், புதுக் கேம் தேடாமல் செய்து பார்க்கக்கூடிய ஒன்று உண்டு. இளையவனின் டெப்பில் உள்ள உலகத்துக்குள் மூத்தவனை அவன் போனிலிருந்து விருந்தாளியாக அழைக்க முடியுமா என்று அவர்களிடமே கேளுங்கள், இந்த விடயத்தில் எங்களைவிட அவர்கள் கெட்டிக்காரர்கள். அங்கே இரவில் பூதங்கள் வரும்படி வைத்து விளையாடலாம். தம்பி கட்டட்டும், அண்ணன் காவல் நிற்கட்டும். ஒரு பின்னேரம் பிடித்தால் பிடித்தது. பிடிக்காவிட்டால் வற்புறுத்த வேண்டாம்.

கிழமையில் ஒரு ரியூசனை நிறுத்தினால் பரீட்சை போய்விடும் என்று பயப்படுவீர்கள். முழு ரியூசனையும் நிறுத்தச் சொல்லவில்லை. ஒரே ஒரு பின்னேரம், மக்கெய்சர் மைதானத்திலோ உங்கள் வீட்டடிக் கடற்கரை மணலிலோ அவனுக்குப் பந்தைத் திருப்பிக் கொடுங்கள். ஒரு மாதம் பார்த்துவிட்டு, இரவுச் சத்தம் கூடினதா குறைந்ததா என்று எனக்கு எழுதுங்கள்.

அடுத்த கடிதத்தோடு அந்தக் கோணேசர் மலையின் படம் ஒன்றும் வைத்து அனுப்புங்கள். இராவணன் வெட்டு என்கிற அந்தப் பாறைப் பிளவை எப்படிக் கட்டியிருக்கிறான் என்று பார்க்க வேண்டும்.